முன்பதிவு ரத்தானால்: எதைப் பிடிப்பது, எதைத் திருப்பித் தருவது

கோத்தகிரியிலோ குன்னூரிலோ இரண்டு அறையைத் திருத்தி ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு ஆண்டு முழுவதையும் தாங்குவது ஏப்ரல், மே சீசன்தான். புக்கிங் குவிவதும் அப்போதுதான், கேன்சல் குவிவதும் அப்போதுதான். சனிக்கிழமை வரவேண்டிய குடும்பம் வியாழன் இரவு போன் செய்து, "சார், பையனுக்குக் காய்ச்சல், வர முடியல. அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிடுங்க" என்கிறது. அந்த நேரத்தில் யோசித்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே போகிறது. எரிச்சலில் இருந்தால் முழுப் பணத்தையும் பிடித்துக்கொள்கிறோம். மனம் இளகினால் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, அறை காலியாகக் கிடக்கும் ஞாயிறன்று வருந்துகிறோம். இந்த முடிவை அட்வான்ஸ் வாங்கிய அன்றே எடுத்திருக்க வேண்டும். அதை எப்படி எடுப்பது, எடுத்ததை எப்படிச் சொல்வது, சொன்னபடி எப்படி நடப்பது என்பதே இந்த அத்தியாயம்.

உங்கள் நஷ்டம் எவ்வளவு?

விருந்தினர் வராததால் நீங்கள் இழப்பது வாடகையை என்று நினைக்கிறோம். உண்மையில் இழப்பது, அந்த இரவை வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கக்கூடிய வாய்ப்பை. மே மாத மலர்க் கண்காட்சி வாரத்துக்கு இருபது நாள் முன்பே ரத்து செய்தால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. அந்த அறை இரண்டே நாளில் போய்விடும். அதே அறையை ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமையன்று ரத்து செய்தாலும் பெரிய நஷ்டமில்லை, ஏனென்றால் அது எப்படியும் காலியாகக் கிடந்திருக்கும். நஷ்டம் உண்மையாக வருவது ஒரே இடத்தில்: தேவை அதிகமுள்ள நாளில், மறுபடி விற்க அவகாசம் இல்லாதபோது.

ஆகவே ரத்து விதியை நாள்கணக்கில் வையுங்கள். காரணத்தை வைத்து விதி எழுதாதீர்கள். காய்ச்சல், துக்கம், லீவு கிடைக்கவில்லை, கார் பழுது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தராசு வைக்க ஆரம்பித்தால் நீங்கள் நீதிபதியாகிவிடுவீர்கள். ஆஸ்பத்திரி சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதும், இறந்தது யார் என்று கேட்பதும் நாகரிகமில்லை. அப்படிக் கேட்காமலேயே நியாயமாக நடந்துகொள்ள உதவுவது நாட்காட்டி.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். இரண்டு படுக்கையறை கொண்ட வீடு, ஓர் இரவுக்கு 4,000 ரூபாய். இரண்டு இரவுக்கு 8,000. அட்வான்ஸாக ஓர் இரவு வாடகையை மட்டும் வாங்குவதே என் பரிந்துரை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கினால் ரத்து வரும்போது திருப்பித் தரவேண்டிய தொகையும் பெரிதாகும், சண்டையும் பெரிதாகும். அதற்குள் நீங்கள் அதில் பாதியை கெய்சர் மாற்றவும் பெயின்ட் அடிக்கவும் செலவழித்திருப்பீர்கள். அட்வான்ஸ் 500, 1,000 என்று சிறிதாக இருந்தால் விருந்தினர் மூன்று வீட்டில் புக் செய்துவிட்டுக் கடைசி நாளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். ஓர் இரவு வாடகை என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

விதி இப்படி இருக்கலாம். சீசனிலும் தொடர் விடுமுறைகளிலும், வருகைக்கு 15 நாளுக்கு முன் ரத்து செய்தால் முழு அட்வான்ஸும் திரும்பக் கிடைக்கும். 7 முதல் 14 நாளுக்குள் என்றால் பாதி. ஏழு நாளுக்கும் குறைவு என்றால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது. சீசன் இல்லாத மாதங்களில் இதையெல்லாம் போடாதீர்கள். மூன்று நாளுக்கு முன் சொன்னால் முழுப் பணம், அதற்குப் பிறகு பாதி என்ற ஒரே வரி போதும். தொடர் விடுமுறை எவை என்பதைத் தேதியோடு எழுதுங்கள். தீபாவளி, பொங்கல், புனித வெள்ளி, ஆயுத பூஜை என்று பொதுவாகச் சொன்னால் எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதில் வாக்குவாதம் வரும்.

இதோடு இன்னொரு வரியையும் கட்டாயம் சேருங்கள்: "ரத்தான நாட்களுக்கு வேறு விருந்தினர் கிடைத்தால், எங்களுக்கு ஏற்பட்ட குறைவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவோம்." பலர் இந்த வரியைக் கேட்டதும் தலையை ஆட்டி மறுப்பார்கள். பிடித்த பணம் பிடித்ததுதானே, ஏன் கொடுக்க வேண்டும் என்பார்கள். ஒரே இரவுக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்குவது சரியில்லை என்பதே என் உறுதியான கருத்து. மேலே சொன்ன உதாரணத்தில், ஐந்து நாளுக்கு முன் ரத்தாகிறது. 4,000 உங்கள் கையில். சனிக்கிழமை இரவு 4,000-க்கே போய்விட்டது, ஞாயிறு இரவை 2,500-க்குக் கொடுத்தீர்கள். வரவேண்டிய 8,000-இல் வந்தது 6,500. குறைவு 1,500. மீதி 2,500-ஐத் திருப்பி அனுப்புங்கள். எதிர்பார்க்காத அந்தப் பணம் வந்து சேர்ந்த குடும்பம் அடுத்த முறை வேறு வீட்டைத் தேடாது.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தரவேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தொகையை எழுதிவைத்தாலும், கிடைப்பது அந்தத் தொகைக்குள் அடங்கிய நியாயமான இழப்பீடுதான் என்கிறது. 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கை இங்கே நினைவில் வைக்கலாம். தில்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனையை ஏலம் விட்டு, வாங்கியவர் மீதிப் பணத்தைக் கட்டவில்லை என்று 78 லட்சம் ரூபாய் முன்பணத்தைப் பறிமுதல் செய்தது. பிறகு அதே மனையைப் பல மடங்கு அதிக விலைக்கு விற்றது. நஷ்டமே இல்லாதபோது முன்பணத்தைப் பிடித்துவைக்க முடியாது என்று சொல்லி, அதைத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. உங்கள் 4,000 ரூபாய்க்கும் அந்த 78 லட்சத்துக்கும் ஒரே தர்க்கம்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை நியாயமற்ற ஒப்பந்தம் என்றே வகைப்படுத்துகிறது. விருந்தினர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். "எக்காரணத்துக்கும் பணம் திருப்பித் தரப்படாது" என்று வரவேற்பறையில் ஒட்டியிருக்கும் காகிதம் அங்கே பெரிதாகக் கைகொடுக்காது. முன்கூட்டியே சொன்ன, படிப்படியாகக் குறைகிற, நஷ்டத்தோடு தொடர்புடைய விதி கைகொடுக்கும்.

சொல்வதை எழுத்தில் சொல்லுங்கள்

நம் ஊரில் பாதி புக்கிங் போனில்தான் முடிகிறது. பழைய விருந்தினர் சொல்லி வருபவர், டாக்சி டிரைவர் அனுப்புபவர், கோயம்புத்தூர் உறவினரின் நண்பர் என்று வருபவர்களிடம் விதி பேசக் கூச்சமாக இருக்கும். விதியைப் போனில் பேசவேண்டாம். புக்கிங் பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள், அதற்கு அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு ஜிபே எண்ணைக் கொடுங்கள். இந்த வரிசை முக்கியம். பணம் வந்த பிறகு அனுப்பும் விதிக்கு மதிப்பு குறைவு.

செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். மே 16 சனி மதியம் 1 மணி முதல் மே 18 திங்கள் காலை 11 மணி வரை, இரண்டு இரவு, பெரியவர் 4, குழந்தை 2. மொத்த வாடகை 8,000. அட்வான்ஸ் 4,000. மே 1 வரை ரத்து செய்தால் முழு அட்வான்ஸும் திரும்ப அனுப்புவோம். மே 2 முதல் 9 வரை பாதி. அதற்குப் பிறகு இல்லை. ஆனால் வீடு வேறு யாருக்காவது போனால் எங்கள் குறைவைக் கழித்து மீதியைத் தருவோம். மாவட்ட நிர்வாகம் பயணத்தைத் தடுத்தாலோ, நீலகிரிக்கு ரெட் அலர்ட் வந்தாலோ முழுப் பணமும் திரும்பும். வண்டிக்கு இ-பாஸ் எடுப்பது உங்கள் பொறுப்பு. சம்மதம் என்றால் 'சரி' என்று அனுப்புங்கள்."

"15 நாளுக்கு முன்" என்று எழுதாமல் தேதியைப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். நாளை எண்ணுவதில் வரும் தகராறு இதனால் ஒழியும். ரத்து போனில் சொல்லப்பட்டாலும், "நீங்கள் இன்று இரவு 9 மணிக்கு ரத்து செய்ததைக் குறித்துக்கொண்டேன்" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். டிரைவரோ ஏஜென்டோ மூலம் வந்த புக்கிங் என்றால், விருந்தினரின் சொந்த எண்ணுக்கே இந்தச் செய்தி போகவேண்டும். நடுவில் இருப்பவரிடம் சொன்னது விருந்தினருக்குச் சென்று சேர்ந்ததாக நம்பாதீர்கள்.

விதிக்கு மேல் இரக்கம் காட்ட வேண்டிய தருணங்கள் வரும். வீட்டில் ஒரு சாவு விழுந்தது என்று அழுதுகொண்டே பேசுபவரிடம் ஆறாவது நாள், ஏழாவது நாள் என்று கணக்குப் பார்க்க மனம் வராது, பார்க்கவும் வேண்டாம். பணத்தைக் கொடுங்கள். கொடுக்கும்போது, "விதிப்படி இது திரும்ப வராத தொகை. உங்கள் நிலைமையைப் பார்த்து அனுப்புகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவர் நண்பர்கள் நான்கு பேருக்கு உங்கள் எண்ணைக் கொடுக்கும்போது, இங்கே எப்போது கேட்டாலும் பணம் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லாமலிருக்க அது உதவும்.

தேதி மாற்றம் பணத்தைத் திருப்புவதைவிட இரு தரப்புக்கும் நல்லது. ஆனால் அதற்கும் எல்லை வேண்டும். ஒரு முறை மட்டும், ஆறு மாதத்துக்குள், சீசன் நாளுக்கு மாற்றினால் வாடகை வித்தியாசத்தைக் கட்டவேண்டும், மாற்றிய தேதியை மறுபடி ரத்து செய்தால் பணம் கிடையாது. இந்த நான்கையும் எழுதாவிட்டால், இரண்டு வருடம் கழித்து டிசம்பர் 31 இரவுக்கு அந்தப் பழைய அட்வான்ஸோடு ஒருவர் வந்து நிற்பார்.

மழை, மண்சரிவு, இ-பாஸ்

மலைப்பகுதி ஹோஸ்ட்டுக்குச் சமவெளி ஹோஸ்ட்டைவிடக் கூடுதலாக இருக்கும் சிக்கல் இது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பகுதிகளில் நிலச்சரிவு பல உயிர்களைக் கொண்டுபோனது. மேட்டுப்பாளையம் மலை ரயில் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது வடகிழக்குப் பருவமழையில் வழக்கமாகிவிட்டது. 2025 மே 25, 26 தேதிகளில், சீசன் முடியும் நாட்களில், நீலகிரிக்கு ரெட் அலர்ட் விடப்பட்டு சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டன.

அப்படிப்பட்ட நாளில் விருந்தினர் ரத்து செய்தால் என்ன செய்வது? வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையே அளவுகோலாக வையுங்கள். சிவப்பு எச்சரிக்கை என்பது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் அதி கனமழை பெய்யலாம் என்பதற்கானது. அந்த நாளில் வருகை இருந்தால் முழுப் பணமும் திரும்ப. ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் தேதி மாற்றம். மஞ்சள் எச்சரிக்கையும் சாதாரணத் தூறலும் வழக்கமான விதிக்குள் அடங்கும். ரெட் அலர்ட் நாளில் விருந்தினர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். முந்தின நாளே நீங்கள் அழைத்து, "வராதீங்க சார், பணம் அனுப்பிடுறேன்" என்று சொல்லுங்கள். நான்காயிரம் ரூபாய் போய்விடுமே என்று ஒரு குடும்பத்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் மழையோடு ஏறவைக்கக் கூடாது. அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்திலேயே ஆபத்தான நாளில் வண்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நீக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

அரசே பாதையை அடைத்தாலோ சுற்றுலாப் பயணிகளைத் தடுத்தாலோ யோசனைக்கே இடமில்லை. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது, அதன்கீழ் வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும் என்பதுதான் ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65 பிரிவுகளின் சாரம்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளிவண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. "ரூம் புக் பண்ணிட்டேன், பாஸ் கிடைக்கலை" என்ற ரத்து அதிலிருந்து ஆரம்பம். இதற்கு நல்ல தீர்வு, அட்வான்ஸ் வாங்கிய 24 மணி நேரத்துக்குள் இ-பாஸைப் பதிவு செய்து அனுப்பச் சொல்வது. அந்த 24 மணி நேரத்துக்குள் பாஸ் கிடைக்கவில்லை என்று சொன்னால் முழுப் பணமும் திரும்ப. பிறகு சொன்னால் வழக்கமான விதி. இதனால் பாஸ் பிரச்சினை வருகை நாளன்று கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வெடிக்காமல் புக்கிங் நாளிலேயே தீர்ந்துவிடும். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். ரத்தாக இருந்த புக்கிங் அதனாலேயே நிற்கக்கூடும்.

பெங்களூரு விருந்தினர்களிடம் இன்னொன்றைச் சொல்லவேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். 2009 முதல் இந்தத் தடை இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ் முடித்துக் கிளம்புபவர்கள் சாவடியில் மாட்டிக்கொண்டு முதல் இரவை இழந்துவிட்டுப் பணம் கேட்பார்கள். தெரியாமல் வந்தவரிடம் விதி பேசுவதைவிட, கிளம்பும் முன்பே தெரிவித்துவிடுவது எளிது. சொன்ன பிறகும் தாமதமாக வந்தால் அந்த இரவின் வாடகை உங்களுடையது.

தளங்கள் வழியே வரும் ரத்து

ஏர்பிஎன்பியிலும் புக்கிங் டாட் காமிலும் விதியை நீங்கள் அவர்கள் வைத்திருக்கும் வகைகளிலிருந்து தேர்ந்தெடுக்கிறீர்கள். ஏர்பிஎன்பியில் ஃப்ளெக்ஸிபிள் என்றால் வருகைக்கு 24 மணி நேரம் முன்புவரை முழுப் பணம். மாடரேட் என்றால் 5 நாள் முன்புவரை. அதற்குப் பிறகு ரத்து செய்தால் ஓர் இரவு வாடகையும் மீதி இரவுகளில் பாதியும் உங்களுக்கு. நம் 8,000 ரூபாய் உதாரணத்தில் அது 6,000. ஃபர்ம் என்றால் 30 நாள் முன்புவரை முழுப் பணம், 7 நாள் முன்புவரை பாதி. 2025 அக்டோபர் முதல், வருகைக்கு ஏழு நாளாவது இருக்கும்போது செய்த குறுகிய காலப் புக்கிங்கை, உறுதியான 24 மணி நேரத்துக்குள் விருந்தினர் இலவசமாக ரத்து செய்யலாம். எனவே புக்கிங் வந்த முதல் நாளே மளிகை வாங்க ஓடவேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மாடரேட் போதும் என்பேன். கடுமையான விதி போட்ட வீட்டை, வரும் தேதி இன்னும் உறுதியாகாத குடும்பங்கள் தாண்டிப் போய்விடுகின்றன. தளங்கள் விதிகளை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் உங்கள் பக்கத்தைத் திறந்து ஒருமுறை படியுங்கள்.

ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ரத்து செய்தால் பணம் குறையும் என்று தெரிந்த விருந்தினர், "நீங்களே உங்க பக்கத்திலிருந்து கேன்சல் பண்ணிடுங்க சார், ரெண்டு பேருக்கும் சுலபம்" என்பார். செய்யவே செய்யாதீர்கள். ஏர்பிஎன்பியில் ஹோஸ்ட் ரத்து செய்ததாகப் பதிவானால் விருந்தினருக்கு முழுப் பணம் போவதோடு, உங்களுக்கு அபராதமும் வரும். வருகைக்கு 30 நாளுக்கு மேல் இருந்தால் புக்கிங் தொகையில் 10 சதவீதம், 30 நாளுக்குள் 25 சதவீதம், கடைசி 48 மணி நேரத்தில் 50 சதவீதம். குறைந்தபட்சம் 50 டாலர். அந்தத் தேதிகளையும் தளம் முடக்கலாம். சூப்பர்ஹோஸ்ட் தகுதிக்கு ரத்து விகிதம் ஒரு சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பதால், வருடத்துக்கு ஐம்பது புக்கிங் வரும் வீட்டுக்கு ஒரே ஒரு ரத்துகூடத் தகுதியைப் பறித்துவிடும். அவருக்கு உதவ விரும்பினால், அவரையே ரத்து செய்யச் சொல்லி, நீங்கள் கூடுதலாகத் தர நினைக்கும் தொகையைத் தளத்தின் வழியாகவே அனுப்புங்கள். அல்லது தேதியை மாற்றும் கோரிக்கையை அனுப்புங்கள்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது ஏர்பிஎன்பி ஹோஸ்ட்டுகளின் விதியை மீறி விருந்தினர்களுக்கு முழுப் பணமும் திருப்பித் தந்தது. உலகெங்கும் ஹோஸ்ட்டுகள் கொதித்தெழுந்த பிறகு, விதிப்படி கிடைத்திருக்க வேண்டியதில் கால் பங்கை ஈடுகட்ட 25 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. பெரிய பேரிடரில் உங்கள் விதி செல்லாது என்பதற்கு அதுவே சான்று. இப்போதுள்ள பேரிடர் விதி 2024 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது வீடு இருக்கும் ஊரைத்தான் பார்க்கிறது, விருந்தினரின் ஊரை அல்ல. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது போன்ற நாளில், சென்னையிலிருந்து கிளம்ப முடியாதவருக்கு அந்த விதி பொருந்தாது. உடல்நலக் குறைவுக்கும் பொருந்தாது. அதுபோன்ற இடங்களில் நீங்களாகவே தேதி மாற்றம் கொடுப்பது அழகு.

புக்கிங் டாட் காமில் "வந்து கட்டுகிறேன்" வகைப் புக்கிங்குகள் ஏராளம். வராமல் போனவரை 'நோ ஷோ' என்று நீங்கள் குறிக்காவிட்டால், வராத விருந்தினருக்கும் சேர்த்துக் கமிஷன் பில் வரும். வருகைக்கு மூன்று நாள் முன்பே போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்வது இந்தத் தளத்துக்குப் பாதி மருந்து.

தங்க வந்த பிறகு கிளம்பினால்

குழந்தைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டாம் நாள் காலையே கிளம்புகிறவருக்கு விதிப்படி எதுவும் தரவேண்டியதில்லை. உங்கள் வீட்டில் குறை இருந்தால் கணக்கு வேறு. வெந்நீர் வரவில்லை, இரவு முழுவதும் மின்சாரம் இல்லை, இன்வெர்ட்டரும் வேலை செய்யவில்லை என்றால் அவர் கேட்பதற்கு முன் நீங்களே ஒரு தொகையைச் சொல்லுங்கள். ஒரு வேளை வெந்நீர் இல்லாததற்கு வாடகையில் பத்து சதவீதம், ஓர் இரவு முழுக்க மின்சாரம் இல்லாததற்குப் பாதி, தங்கவே முடியாத நிலை என்றால் அந்த இரவு முழுவதும். முதலில் சொல்பவர் சொல்லும் தொகையில்தான் பேச்சு நிற்கும். பணத்தைக் கேட்டு, தராவிட்டால் ஒரு நட்சத்திர மதிப்பீடு போடுவேன் என்று மிரட்டினால் எழுத்தில் பதில் சொல்லுங்கள், போனில் வேண்டாம். அந்த மிரட்டல் தளத்தின் விதிக்கே எதிரானது, ஆதாரம் கையில் இருக்கவேண்டும்.

ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால், தவறு உங்களுடையது. முழுப் பணத்தைத் திருப்பித் தருவதோடு நிறுத்தாமல், அருகில் அதே தரத்தில் ஒரு வீட்டைப் பிடித்துக் கொடுத்து, வாடகை வித்தியாசத்தை நீங்கள் கட்டுங்கள். மலையேறி வந்தவரைச் சீசன் இரவில் தெருவில் நிறுத்தக் கூடாது.

பணத்தை அனுப்பும் முறை

தரவேண்டும் என்று முடிவானால் அன்றே அனுப்புங்கள். பத்து நாள் இழுத்துக் கொடுக்கும் முழுப் பணத்தைவிட, ஒரு மணி நேரத்தில் வரும் பாதிப் பணத்துக்கு மரியாதை அதிகம். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே போகவேண்டும். "என் மச்சான் நம்பருக்குப் போட்டுடுங்க" என்றால் மறுத்துவிடுங்கள். அட்வான்ஸ் பணத்தைச் செலவுக் கணக்கோடு கலக்காமல் தனிச் சேமிப்புக் கணக்கில் வைத்தால் அன்றே அனுப்புவது சாத்தியம். விருந்தினர் வந்து சேர்ந்த பிறகே அது உங்கள் பணம்.

புக்கிங்கின் பெயரில் நடக்கும் மோசடிகள் இரண்டு. ராணுவ அதிகாரி என்று சொல்லி பெரிய குழுவுக்குப் புக் செய்பவர், அட்வான்ஸ் அனுப்புவதாக ஒரு க்யூஆர் கோடை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். பணம் வாங்க க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ, பின் நம்பர் போடவோ ஒருபோதும் தேவையில்லை. பின் போட்டால் உங்கள் பணம் போகும். அடுத்தது, 4,000-க்குப் பதில் 40,000 தவறுதலாக அனுப்பிவிட்டேன், மீதியை உடனே அனுப்புங்கள் என்று வரும் ஸ்கிரீன்ஷாட். போலியாக ஒரு எஸ்எம்எஸ்ஸும் கூடவே வரும். வங்கிச் செயலியைத் திறந்து இருப்பில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை. அட்வான்ஸ் வாங்கும்போது ரசீதுச் சீட்டும், சேவை தராமல் திருப்பும்போது திருப்பிச் செலுத்தும் சீட்டும் கொடுக்கவேண்டும். பிடித்துவைத்த ரத்துக் கட்டணத்துக்கும் அறை வாடகைக்கு உள்ள அதே விகிதத்தில் வரி உண்டு என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட மத்திய மறைமுக வரி வாரியச் சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம்.

இப்போது உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடைசியாக அட்வான்ஸ் வாங்கிய புக்கிங்குக்கு என்ன செய்தி அனுப்பினீர்கள் என்று பாருங்கள். அதில் ரத்து பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், மார்ச் முடிவதற்குள் மேலே உள்ள மாதிரியை உங்கள் வீட்டுக்கு ஏற்ற தொகையோடும் தேதியோடும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் அதற்கு நேரம் கிடைக்காது.